அறுபத்து நான்கு பட்டங்களும் மூன்று சொற்களும்

காதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் கொடுங்கள். பெரியவர்களும் கொடுக்கலாம்; இது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்கிற கதை இல்லை. ஆற்றுக்குப் பாலம் கட்டத் தெரியாத காலம் அது. ஆனால் அரசனைப் புகழ மட்டும் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் கூடல்வயல் என்று ஒரு நாடு. அதை ஆண்டவன் நெடுங்கோ என்ற மன்னன்.

நெடுங்கோ நல்லவன். ஏழை வீட்டு வழக்கையும் உட்கார்ந்து கேட்பான். பஞ்சம் வந்தால் களஞ்சியத்தைத் திறந்து விடுவான். அவனிடம் ஒரே ஒரு குறை. தன்னைப் புகழ்ந்து யாராவது ஒரு சொல் சொன்னால், போதும் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

அவனுடைய அவையில் மாவடிகிழார் என்று ஒரு புலவர் இருந்தார். அவருக்கோ ஒரு சொல் சொல்லிவிட்டு நிறுத்த வாய் வராது. இரண்டு பேரும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? முதல் வருடம் மன்னனுக்கு எட்டுப் பட்டங்கள் சூட்டினார் புலவர். பத்தாம் வருடம் அவை முப்பதாயின. இந்தக் கதை நடந்த வருடம் அறுபத்து நான்கில் வந்து நின்றன.

ஏழு குன்றுக்கு இறைவன். பகைவர் நெஞ்சில் முள். நுரையாற்றைக் கைகட்டி நிற்கவைத்த கோன். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொன்னால் இப்படித்தான் போகும். நடுவில் புலவருக்குச் சரக்குத் தீர்ந்துபோயிருக்க வேண்டும். யானைக்குத் தன் கையாலேயே கரும்பு ஊட்டியவன் என்றுகூட ஒரு பட்டம் உண்டு. இருபத்தேழாவது.

நாட்டில் எந்தச் செய்தியை முரசறைந்து சொன்னாலும், முதலில் இந்த அறுபத்து நான்கையும் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் செய்தி. பட்டங்கள் முடிகிற வரை ஊரார் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகூப்பி, அசையாமல் நிற்க வேண்டும். பத்துப் பட்டத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து வாழி என்று சொல்ல வேண்டும். முழுதும் சொல்லி முடிக்க ஒரு நாழிகை ஆகும். உலை வைத்துச் சோறு வடித்து இறக்கிவிடலாம் அதற்குள்.

ஒரு பட்டத்தை விட்டுவிட்டால்? முரசறைகிறவனின் நாக்கை அறுக்க வேண்டும். அப்படித்தான் சட்டம்.

அந்த நாட்டின் முரசறைவோன் பெயர் கொற்றன். இருபது வருடமாக முரசு அவன் தோளில் இருந்தது. நல்ல கனத்த குரல். அறுபத்து நான்கு பட்டங்களையும் ஒன்றுகூடப் பிசகாமல் சொல்வான். ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனி அடி வைத்திருந்தான். அதில் அவனுக்கு ரொம்பப் பெருமை. செய்தி என்ன என்று சில நாள் அவனுக்கே மறந்து போகும், பட்டம் மறக்காது.

வீட்டிலும் அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. ஒரு கலயம் கஞ்சி கேட்க வேண்டுமானாலும், காலையில் எழுந்ததில் தொடங்கி, தெருவில் யாரைப் பார்த்தான், வெயில் எப்படி இருந்தது என்று சுற்றி வளைத்துத்தான் கஞ்சிக்கு வருவான். அவன் மனைவி உமையாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்பாள்.

“கஞ்சி வேணும்னா கஞ்சின்னு சொல்லும். நீர் சொல்லி முடிக்கறதுக்குள்ள அது ஆறிப் போவுது.”

கொற்றன் சிரிப்பான். மறுநாளும் அதே கதைதான்.

ஓர் ஐப்பசி மாதம். ஒன்பது நாள் விடாத மழை. பத்தாம் நாள் காலையில் மழை விட்டது. எல்லோரும் அப்பாடா என்று வெளியே வந்தார்கள். அப்போதுதான் மலையேரியின் காவலன் அரண்மனைக்கு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. கால் முழுக்கச் சேறு. மன்னனைப் பார்த்ததும் கைகூப்பினான். வழக்கத்தை விடலாமா? அறுபத்து நான்கு பட்டங்களையும் இளைக்க இளைக்கச் சொல்லி முடித்தான். கடைசியில்தான் சொன்னான்.

“ஏரிக்கரை அரிக்குது மகாராசா. இப்பவோ அப்பவோ உடைஞ்சிரும்.”

மன்னன் சிம்மாசனத்தை விட்டு எழுந்துவிட்டான். ஏரி உடைந்தால் தண்ணீர் நுரையாற்றில்தான் பாயும். ஆற்றங்கரையில் மூன்று ஊர்கள். முதலில் ஆலங்கரை, அப்புறம் நாவற்கரை, கடைசியில் புன்னைக்கரை.

“கொற்றா, என் குதிரையை எடுத்துக்கொள். மூன்று ஊருக்கும் போய்ச் சொல். எல்லோரும் மேட்டில் ஏற வேண்டும்” என்றான்.

நுரையாறு மலைகளைச் சுற்றிச் சுற்றி வளைந்து போகும். குதிரைப்பாதை மலைகளின் மேலாகக் குறுக்கே போகும். அதனால் ஓட்டம் நன்றாக இருந்தால் ஆற்றை முந்திவிடலாம். கொற்றன் முரசை முதுகில் கட்டிக்கொண்டு குதிரையை விரட்டினான். ஏரி உடைந்த சத்தம் அவன் பாதி வழியில் இருக்கும்போதே கேட்டது.

அவன் ஆலங்கரைக்குள் நுழைந்தபோது ஆறு அப்படி ஒன்றும் பொங்கியிருக்கவில்லை. முரசை அறைந்தான். ஊர் முழுக்க ஆலமரத்தடியில் கூடியது. ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டினார்கள். பெண்கள் பிள்ளைகளை அதட்டி நிறுத்தினார்கள். எல்லோரும் கைகூப்பினார்கள்.

கொற்றன் தொடங்கினான். “ஏழு குன்றுக்கு இறைவன்.” முரசில் ஓர் அடி. “பகைவர் நெஞ்சில் முள்.” இன்னோர் அடி. பத்து முடிந்ததும் ஊர் வாழி என்றது. இருபது முடிந்தது. முப்பது முடிந்தபோது எங்கோ இரைச்சல் கேட்டது. காற்றாக இருக்கும் என்று நினைத்தான்.

நாற்பத்தோராவது பட்டத்துக்கு வந்தான். “நுரையாற்றைக் கைகட்டி நிற்கவைத்த கோன்” என்றான். அவன் கணுக்காலில் ஏதோ சில்லென்று பட்டது.

குனிந்து பார்த்தான். தண்ணீர். நிமிர்ந்து ஊராரைப் பார்த்தான். அவர்களும் தங்கள் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. ஒரு குழந்தை ஒரு காலைத் தூக்கியது. தாய் அதன் தோளை அழுத்தி மறுபடி தண்ணீரிலேயே நிற்கவைத்தாள். பட்டம் நடக்கும்போது அசையலாமா?

இங்கேதான் கொற்றன் பிற்பாடு வெகுநாள் வெட்கப்பட்ட காரியம் நடந்தது. கண் தண்ணீரைப் பார்க்கிறது. நாக்கு நாற்பத்திரண்டாவது பட்டத்தைச் சொல்கிறது. இருபது வருடப் பழக்கம். நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்கு. தண்ணீர் பிள்ளைகளின் முழங்கால் வரை ஏறிய பிறகுதான் அவனுக்கு உடம்பு பதறியது. மீதி இருபதையும் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்துவிட்டு, “மேட்டுக்கு ஓடுங்க” என்று கத்தினான்.

ஓடினார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கிழவர்களை இழுத்துக்கொண்டு, விழுந்து எழுந்து மேட்டில் ஏறினார்கள். உயிர் ஒன்றும் போகவில்லை. ஆனால் கட்டியிருந்த மாடுகளை அவிழ்க்க நேரமில்லை. விதைநெல்லை எடுக்க நேரமில்லை. மேட்டில் நின்றபடியே, தங்கள் மாடுகள் கயிற்றோடு கதறுவதை அவர்கள் கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றது.

ஈர வேட்டியோடு நின்ற ஒரு குடியானவன் கொற்றனிடம் வந்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று கொற்றனுக்கு இருந்தது.

“ஐயா, அந்தக் கடைசிச் சொல்ல முதல்லயே சொல்லியிருக்கப்படாதா?” என்று கேட்டான்.

கொற்றன் குதிரையில் ஏறினான்.

நாவற்கரைக்குப் போகிற வழியில் அவன் தனக்குத்தானே பேசிக்கொண்டான். அறுபத்து நான்கு வேண்டாம். பத்துச் சொல்லலாம். பத்துச் சொன்னால் அரசனுக்கு மரியாதையும் ஆயிற்று, ஊரும் தப்பும். யாருக்குத் தெரியப்போகிறது? பயந்தவன் கணக்கு எப்போதும் இப்படித்தான் இருக்கும். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம்.

நாவற்கரையில் பத்துப் பட்டம் சொன்னான். ஊர் வாழி என்றது. பதினொன்றாவதற்காகக் காத்திருந்தவர்களிடம் வெள்ளம் வருவதைச் சொன்னான். ஜனங்கள் அலறிக்கொண்டு வீடுகளுக்கு ஓடினார்கள். பாதி மாடுகளை அவிழ்த்தார்கள். பாதி நெல்லைத் தூக்கினார்கள். மற்ற பாதியைத் தூக்க வருவதற்குள் ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது.

கொட்டகை ஒன்றின் பின்னால் கட்டியிருந்த கன்றுக்குட்டி, கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தியது. அதை வளர்த்த பெண்ணை நான்கு பேர் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். கொற்றன் பார்த்துக்கொண்டே நின்றான். முப்பது எண்ணுவதற்குள் அவள் போய் அவிழ்த்திருக்கலாம். அந்த முப்பதை, தான்தான் பத்துப் பட்டங்களுக்குக் கொடுத்துவிட்டோம் என்பது அவனுக்குத் தெரிந்தது.

மறுபடி குதிரை. இந்த முறை அவன் தன்னோடு பேசவில்லை. வாய்க்குள் நாக்கைப் பல்லால் மெல்லக் கடித்துப் பார்த்தான். அது அங்கேதான் இருந்தது. முரசறைகிறவனுக்கு நாக்குப் போனால் என்ன மிச்சம்? முரசும் போகும், சோறும் போகும், உமையாளைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூட முடியாது. பயம் இல்லாமல் இல்லை. நிறைய இருந்தது. ஆனால் அந்தக் கன்றுக்குட்டியின் சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

புன்னைக்கரைக்கு வந்தான். முரசை அறைந்தான். ஜனங்கள் கூடினார்கள். துண்டைக் கட்டினார்கள். கைகூப்பினார்கள். கொற்றன் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு சொன்னான்.

“வெள்ளம் வருது. மேடேறுங்க.”

அவ்வளவுதான். மூன்றே சொற்கள்.

ஒருவரும் நகரவில்லை. கூப்பிய கை கூப்பியபடி நின்றார்கள். பட்டம் வரும் என்று காத்திருந்தார்கள். கொற்றன் முரசை அறைந்து இரண்டாம் முறையும் அதையே சொன்னான். ஊர்த்தலைவர் முகத்தைச் சுளித்தார்.

“பட்டம் சொல்லலையே தம்பி. அரசாணைன்னு நாங்க எப்படி நம்புறது? யாரோ விளையாடறான்னு நினைக்க மாட்டோமா?”

கொற்றன் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. விளக்கம் சொல்லத் தொடங்கினால் அதற்கும் ஒரு நாழிகை ஆகும். மூன்றாம் முறை முரசை அறைந்தான். தோல் கிழிந்துவிடும் போல் அறைந்தான். அதே மூன்று சொற்களைச் சொன்னான்.

கூட்டத்தில் மாதி என்று ஒரு குயவர் வீட்டுப் பெண் நின்றாள். சக்கரத்தை விட்டுவிட்டு அப்படியே வந்திருந்தாள். கை முழுக்கக் களிமண். அவள் கூப்பிய கையைப் பிரித்தாள்.

“அட, ஏன் நிக்கறீங்க? பட்டத்தை விட்டா அவன் நாக்கு போயிரும்னு நமக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதா? நாக்கையே விட்டுட்டுச் சொல்றான்னா தண்ணி எவ்வளவு கிட்டக்க வந்திருக்கணும்” என்றாள்.

ஊர் ஒரு கணம் கொற்றனின் முகத்தைப் பார்த்தது. அடுத்த கணம் அங்கே ஒருவரும் இல்லை. மாடுகள் அவிழ்ந்தன. விதைநெல் மூட்டைகள் தலைகளில் ஏறின. தறியைப் பிரித்துத் தூக்கினார்கள். கோழிகளைக் கூடையில் அள்ளினார்கள். ஊர்த்தலைவர் தன் தாயாரை முதுகில் சுமந்துகொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினார். மாதி தன் சக்கரத்தை உருட்டிக்கொண்டே மேடேறினாள்.

கடைசி ஆடு மேட்டில் கால் வைத்த பிறகுதான் ஆறு ஊருக்குள் வந்தது. காலியான தெருவில் சுற்றிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போயிற்று. மேட்டின் மேல் புன்னைக்கரை முழுக்க நின்று ஆரவாரம் செய்தது. ஆட்கள் இருந்தார்கள், மாடுகள் இருந்தன, விதைநெல் இருந்தது. கொற்றன் ஒரு பாறையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். மகிழ்ச்சியில் அழுதானா, நாக்கை நினைத்து அழுதானா என்றால், இரண்டுக்கும்தான்.

வெள்ளம் வடிந்தது. எட்டாம் நாள் புன்னைக்கரை ஜனங்கள் அரண்மனைக்கு வந்தார்கள். தங்களைக் காப்பாற்றிய மன்னனுக்கு நன்றி சொல்லத்தான் வந்தார்கள். பாவம், அங்கேதான் வினை. மாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மூணே சொல்லு மகாராசா, அந்த மூணு சொல்லுல உங்க முரசுக்காரரு எங்களைக் காப்பாத்திட்டாரு” என்றாள்.

மாவடிகிழாரின் காது நிமிர்ந்தது. “மூன்று சொல்லா? பட்டங்கள் என்ன ஆயின?”

மாதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொன்ன சொல்லை எங்கே போய்த் திருப்பி எடுப்பது?

மறுநாளே கொற்றனை அவையில் நிறுத்தினார்கள். உமையாளும் புன்னைக்கரை ஜனங்களும் முற்றத்தில் நின்றார்கள். மாவடிகிழார் எழுந்து குற்றம் சாட்டினார். காலையில் தொடங்கினார். அறுபத்து நான்கு பட்டங்களும் எந்தெந்த நாளில், எந்தெந்தச் சூழலில் உண்டாயின என்று விளக்கினார். மன்னர் பெருமையைக் குறைப்பது நாட்டையே குறைப்பது என்றார். மந்திரிகளில் இருவர் தூங்கிவிட்டார்கள். உச்சிவெயில் ஏறியபோது அவர் ஏட்டைப் பிரித்துத் தண்டனையைப் படித்தார்.

மன்னன் திகைத்தான். “நாக்கை அறுப்பதா? அப்படி ஒரு சட்டம் நான் எப்போது போட்டேன்?”

“தங்கள் முத்திரையே இருக்கிறது அரசே. பதினோராம் ஏட்டின் அடியில்.”

மன்னனுக்கு நினைவு வந்தது. அன்று முதல் இரண்டு ஏடுகளை மட்டும் படித்திருந்தான். தன் புகழாகவே இருந்தது. மனம் குளிர்ந்து முத்திரை குத்திவிட்டான். பதினோராம் ஏடு வரை யார் படிப்பார்கள்? ஆனால் முத்திரை முத்திரைதான். போட்ட சட்டத்தை நினைத்த நேரத்தில் மாற்றுகிறவன் அரசனாக இருக்க முடியாது. அவன் முகம் வாடிப்போயிற்று.

“கொற்றா, உன் பக்கம் சொல்ல என்ன இருக்கிறது?” என்று கேட்டான்.

கொற்றன் எட்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தான்.

“சொல்ல ஒண்ணும் இல்லை அரசே. காட்ட ஒண்ணு இருக்கு. முற்றத்துக்கு வாங்க” என்றான்.

அரண்மனை முற்றத்தில், கிணற்றடித் தொட்டியிலிருந்து தாமரைக்குளத்துக்கு ஒரு வாய்க்கால் போகும். பூச்செடிகளைச் சுற்றி நீளமாக வளைந்து போகும். அன்று அது காய்ந்து கிடந்தது. மாவடிகிழார் தன் கையாலேயே எழுதிய பட்டச்சுவடியைக் கொண்டுவரச் சொன்னான் கொற்றன். இத்தனை வருட உழைப்பு. வேறு படி கிடையாது. அதை வாய்க்காலின் நடுவில் வைக்கச் சொன்னான். பக்கத்தில் ஒரு சேவகனை நிறுத்தினான்.

“புலவரே, தொட்டியைத் திறந்து விடுவாங்க. சுவடி நனையாம எடுக்கச் சொல்லி இந்தச் சேவகனுக்கு நீங்க ஆணையிடணும். அவ்வளவுதான். வழக்கப்படி பட்டங்களை முதல்ல சொல்லிட்டு ஆணையிடுங்க.”

மாவடிகிழார் சிரித்தார். வாய்க்கால் நீளமானது, தண்ணீர் வந்து சேர நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டார். தலையை அசைத்தார். தொட்டியைத் திறந்தார்கள். சேவகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினான்.

“ஏழு குன்றுக்கு இறைவன்” என்று புலவர் நிதானமாகத் தொடங்கினார். “பகைவர் நெஞ்சில் முள்” என்றார். மூன்றாவதற்கு ராகம்கூடப் போட்டார்.

ஏழாவது பட்டத்தில் தண்ணீர் முதல் வளைவைத் தாண்டியது. புலவர் ராகத்தை விட்டார். பன்னிரண்டாவது பட்டத்தில் தண்ணீர் மல்லிகைச் செடியைத் தாண்டியது. புலவர் மூச்சு விடுவதை விட்டார். பதினாறாவது பட்டத்தில் தண்ணீர் கடைசி வளைவில் தலையைக் காட்டியது.

“எடு” என்றார் புலவர். “எடு அதை. சீக்கிரம் எடு.”

சேவகன் அசையவில்லை. கூப்பிய கையோடு நின்றான். “பட்டம் இன்னும் முடியலீங்களே” என்றான்.

புலவர் வாய்க்காலில் குதித்தார். பட்டு மேலாடையும் தங்கக் காப்புமாக முழந்தாளிட்டு, சுவடியை மார்போடு அணைத்துக்கொண்டார். தண்ணீர் வந்து அவர் இடுப்பை நனைத்தது. அவை சிரித்தது. முற்றம் சிரித்தது. தூங்கி எழுந்த மந்திரிகள் என்ன ஏது என்று தெரியாமலேயே சிரித்தார்கள்.

கொற்றன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் வாய்க்காலருகே போய், புலவருக்குக் கை கொடுத்துத் தூக்கினான்.

“ஐயா, இது ஓலை. அங்கே நின்னது பிள்ளைங்க” என்றான்.

சிரிப்பு அப்படியே நின்றது. புலவர் கொற்றனைப் பார்த்தார். கையிலிருந்த சுவடியைப் பார்த்தார். இந்த ஒருமுறை அவருக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

மன்னன் மெல்லக் கேட்டான். “ஆலங்கரையில் தண்ணீர் வந்தபோது நீ எந்தப் பட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாய்?”

கொற்றன் தயங்கினான். “நுரையாற்றைக் கைகட்டி நிற்கவைத்த கோன்.”

மன்னன் தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது.

“முத்திரை போட்டவன் நான். படிக்காமல் போட்டவனும் நான். அது தப்பென்று எல்லோர் கண் முன்னும் தெரிந்துவிட்டது; இந்தச் சட்டம் இப்போதே ஒழிந்தது. இந்தத் தப்பைச் சொல்லித் திருத்த நாட்டில் ஒரு நாக்குத்தான் இருந்தது. அதையா அறுப்பேன்?” என்றான்.

முற்றம் அதிர்ந்தது. உமையாள் அழுதுகொண்டே சிரித்தாள். புன்னைக்கரைக்காரர்கள் துண்டைச் சுழற்றினார்கள். மாதி உமையாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தன் வாயால் வந்த வினை தீர்ந்ததே என்று பெருமூச்சு விட்டாள்.

ஆலங்கரைக்கும் நாவற்கரைக்கும் அரசக் களஞ்சியத்திலிருந்து விதைநெல் போயிற்று. அரண்மனைத் தொழுவத்திலிருந்து மாடுகள் போயின. இனிமேல் செய்தியை எப்படி அறிவிக்க வேண்டும் என்று புதிய ஆணை எழுதும் வேலையை மன்னன் மாவடிகிழாருக்கே கொடுத்தான். புலவர் ஈர ஆடையை மாற்றிக்கொண்டு எழுத உட்கார்ந்தார். சுருக்கத்தின் பெருமையைப் பற்றி நான்கு ஏடு எழுதிக்கொண்டு வந்தார்.

மன்னன் கையில் எடையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். புலவர் போய் ஓர் ஏட்டில் எழுதி வந்தார். மன்னன் அதையும் திருப்பிக் கொடுத்தான். மூன்றாம் முறை புலவர் வெகுநேரம் எழுத்தாணியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒரு வரி எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார். நான்கு ஏடு எழுதியபோது வராத வியர்வை அந்த ஒரு வரிக்கு வந்தது. கொண்டுவந்து நீட்டினார்.

‘செய்தி முதலில், பட்டம் பிறகு, கேட்க ஆள் இருந்தால்.’

மன்னன் படித்தான். கடைசி வரை படித்தான். வாய்விட்டுச் சிரித்து முத்திரை குத்தினான். மாவடிகிழார் எழுதியதிலேயே ஊரார் மனப்பாடமாகச் சொன்ன வரி அது ஒன்றுதான். புலவருக்கு அதில் இருந்த பெருமை அறுபத்து நான்கு பட்டங்களிலும் இருந்ததில்லை.

கொற்றனுக்குப் புது முரசு கிடைத்தது. அந்த ஆணையை முதல்முதலாக ஆலங்கரையில் போய் அறைந்தான். ஜனங்கள் பழக்கத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார்கள். அவன் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு முரசை இறக்கி வைத்தான். அன்று ஈர வேட்டியோடு கேள்வி கேட்ட குடியானவன் முன்னால் வந்து கொற்றனின் தோளைத் தட்டிக்கொடுத்தான். கொற்றனுக்கு அது போதுமாயிருந்தது.

வீடு திரும்பியபோது நல்ல பசி. உமையாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இன்று போன இடம், பார்த்த ஆள், அடித்த வெயில் எல்லாம் வரப்போகிறது என்று முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு தயாராக நின்றாள்.

“கஞ்சி” என்றான் கொற்றன்.

அவள் ஒரு நிமிடம் அவனையே பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே கலயத்தை நீட்டினாள். அந்த வீட்டில் இருபது வருடத்தில் முதல்முறையாகக் கஞ்சி சூடாக இருந்தது.

கதை முடிந்தது. நானும் கொஞ்சம் நீட்டித்தான் விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீதியையாவது சுருக்கிச் சொல்கிறேன்: சொல்ல வேண்டியதை முதலிலேயே, சுருக்கமாகச் சொல்கிறவனே கேட்பவருக்கு நன்மை செய்கிறான்.